ஒன்றாம் எண் கூண்டு

பாம்பன் துறைமுகத்தில் இன்று காலை
ஒன்றாம் எண் கூண்டு ஏற்றியிருந்தார்கள்.
எங்கோ தூரத்தில் காற்று சுழிக்கிறதாம்.
இங்கே கடல், சட்டியில் ஊற்றிய எண்ணெய்.
நண்டு கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு
இராமநாதபுரம் பஸ் ஏறினேன்.

ஏ.ஆர்.டி. சென்டருக்குப் போகும் நாளெல்லாம்
பதினெட்டு வருஷமாக எனக்குப் பல்வலி.
சூப்பர்வைசர் போனமுறை கேட்டேவிட்டான்:
"எமல்டாக்கா, ஒங்களுக்கு மொத்தம் எத்தன பல்லு?"

முதலில் தந்த மாத்திரை கன்னத்தைத் தின்றது.
பாதத்துக்கடியில் ராத்திரியெல்லாம்
உடைந்த சிப்பி.
கல்யாணப் போட்டோவில் இருந்தவளைக்
கண்ணாடியில் தேடிச் சலித்திருக்கிறேன்.
மாற்றினார்கள். மறுபடி மாற்றினார்கள்.
இப்போது ஒன்றே ஒன்று, இரவில்.
உடம்பு பூசிவிட்டது.
"கண்ணு பட்டுரும்டி" என்றாள்
பக்கத்து வீட்டு லூர்தாள்.
படட்டுமே என்றிருந்தேன்,
பட ஓர் உடம்பு இருக்கிறதே.

டாக்டர் தில்ஷாத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
கிருமி எண்ணிக்கை: கருவிக்கே அகப்படவில்லை.
எழப்போனவளை உட்காரச் சொன்னார்.
"கொழுப்பு கூடியிருக்கு. பிரஷரும்.
எச்.ஐ.வி. தூங்குதும்மா. ஆனா
அது படுத்திருக்கிற வீட்டுல
உமி நெருப்பாட்டம் ஒரு கணப்பு இருந்துக்கிட்டேயிருக்கும்.
ரத்தக்குழாய்க்குச் சீக்கிரமே வயசாயிரும்.
சில மாத்திரையும் அதும் பங்குக்கு."

நெஞ்சில் பசை தடவி ஈ.சி.ஜி. எடுத்தார்கள்.
ஐஸ் பெட்டிக்குள் கை விட்ட குளிர்.
தாளில் ஓடிய கோடு
பாலத்துக்கு வடக்கே வாடைக்காலத்து அலை.
"இப்பதிக்கு ஒண்ணுமில்ல" என்று
நர்ஸ் அதைக் கிழித்தெடுத்தாள்.

அப்ப அந்த மாத்திரைய நிறுத்திரலாமா டாக்டர்?

அவர் முகம் மாறிவிட்டது.
"எத நிறுத்துனாலும் அத நிறுத்தக்கூடாது.
அது இருக்கப்போயித்தான்
நாம இதப் பத்திப் பேசிக்கிட்டிருக்கோம்."

சேசுராயனிடம் யாரும் இதைப் பேசவில்லை.
அவன் காலத்தில் மாத்திரை
எங்கள் கடற்கரைக்கு வந்து சேரவில்லை.
முப்பத்திரண்டு வயதில் போனவனுக்கு
நெஞ்சு நல்ல நெஞ்சு.
கடைசிவரை அடித்தது.

எனக்கு நாற்பத்தாறு.
உப்பைக் குறை, கருவாட்டைக் குறை,
தினமும் நட, கூடவே
சின்னதாய் ஒரு வெள்ளை மாத்திரை.
உப்பைக் குறைக்கச் சொன்னதைக் கேட்டு
பஸ் ஜன்னலில் கூடவே வந்த கடல்
ஒன்றும் சொல்லவில்லை.

பழைய டப்பா அரிசிக்குள் கிடக்கிறது.
பெயர்த்தாளை உரித்தாயிற்று.
குலுங்கினால் சத்தம் வருமென்று
உள்ளே பஞ்சு.
புதியதை எங்கே ஒளிப்பது?
சாமி படத்துக்குப் பின்னால், தலையணைக்குள்,
பரணில் என்று வீடு முழுக்க அலைந்து
பாதியில் நின்றேன்.
இதை ஒளிக்க வேண்டியதில்லை.

ஜன்னலில் வைத்தேன், தெரு பார்க்க.
லூர்தாள்தான் முதலில் பார்த்தாள்.
"என்ன மாத்திரடி?"
"கொழுப்புக்கு."
அந்தச் சொல்லை இன்னொரு தடவை சொல்ல ஆசையாயிருந்தது.
"அட, எனக்குந்தான்" என்று
ஓடிப்போய்த் தன் அட்டையை எடுத்து வந்தாள்.
மூச்சு வாங்கும் மாதாகோயில் படி,
தின்னக்கூடாத மீன்முட்டை,
அவள் அண்ணனுக்கு மதுரையில் வைத்த ஸ்டென்ட் என்று
இருட்டும்வரை பேசினோம்.
பதினெட்டு வருஷத்தில்
நான் வாய்விட்டுச் சொன்ன முதல் நோய்.

அவள் போனதும் அரிசிக்குள் கைவிட்டு
மற்றதை எடுத்தேன்.
இரண்டும் ஒரே மிடறில்.

துறைமுகத்தில் கூண்டு இன்னும் இறங்கவில்லை.
ஒன்றாம் எண்ணுக்கு
யாரும் வீட்டைக் காலி செய்வதில்லை.
நங்கூரக் கயிற்றை
ஒருதரம் இழுத்துப் பார்த்துக்கொள்வார்கள்.
இடது மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து
நானும் பார்த்தேன்.